மறுபடியும் ஒரு ‘அட்டகத்தி’ கேட்பவர்களுக்கு

பா. ரஞ்சித்தின் புதுப்படம் எது வந்தாலும் கூடவே ஒரு வேண்டுகோளும் வந்துவிடுகிறது. அட்டகத்தி மாதிரி ஜாலியாக ஒரு படம் எடுங்களேன், எப்போது பார்த்தாலும் எதற்குச் சாதி? கபாலிக்கும் காலாவுக்கும் இதைச் சொன்னார்கள். சார்பட்டா வந்தபோது கொஞ்சம் அடங்கினார்கள். ‘நட்சத்திரம் நகர்கிறது’ வந்ததும் மறுபடி தொடங்கினார்கள். தங்கலானுக்குப் பிறகும் அதே பல்லவிதான். முகம் தெரியாத இணையக் கணக்குகள் மட்டும் இதைச் சொல்வதில்லை. நம்மோடு ஒரே வகுப்பில் உட்காரும் நண்பர்கள் சொல்கிறார்கள், நல்லெண்ணம் கொண்ட முற்போக்காளர்கள் சொல்கிறார்கள், நம் விடுதி அறைத் தோழர்களில் சிலரும் சொல்கிறார்கள்.

கேட்பதற்கு இது பாராட்டு போலத்தான் இருக்கிறது. நாம் இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள மறுக்கிறோம். இதற்குள் ஓர் உத்தரவு இருக்கிறது. சிரிக்க வையுங்கள், பாடுங்கள், ஆடுங்கள், உங்கள் தெருவை அழகாகக் காட்டுங்கள். அந்தத் தெரு ஏன் ஊருக்கு வெளியே இருக்கிறது என்று மட்டும் எங்களிடம் கேட்காதீர்கள் என்கிற உத்தரவு அது.

எங்களுக்கும் அட்டகத்தி பிடிக்கும். அவர்களைவிட அதிகமாகவே பிடிக்கும். அதனால்தான் இந்தப் படம் யாருடையது, இத்தனை ஆண்டுகள் கழித்தும் இது ஏன் பழசாகவில்லை என்பதைப் பேச வேண்டியிருக்கிறது.

அட்டகத்தி 2012 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. ரஞ்சித்துக்கு முதல் படம். சந்தோஷ் நாராயணன் இசையமைத்து முதலில் திரைக்கு வந்த படமும் இதுதான். சி.வி. குமார் தயாரித்தார். பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை. தினேஷ், நந்திதா, ஐஸ்வர்யா ராஜேஷ் ஆகியோரை அப்போது வெகு சிலருக்குத்தான் தெரியும். கதையும் பெரிய கதை இல்லை. சென்னைப் புறநகரை ஒட்டிய ஓர் ஊர். தினகரன் என்றொரு பையன். பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் கோட்டைவிட்டவன். பேருந்தில் பூர்ணிமாவைப் பார்க்கிறான், பின்னாலேயே அலைகிறான். அவள் ‘அண்ணா’ என்று கூப்பிட்டு முடித்துவைக்கிறாள். காதலில் தோற்றவன் சோகமாக இருக்க வேண்டுமே என்று சோகத்தை வரவழைத்துப் பார்க்கிறான், அது நிலைப்பதில்லை. அடுத்த பெண், அடுத்த முயற்சி. பிறகு கல்லூரி, ரூட்டு தல வேடம், மறுபடியும் பூர்ணிமா. இந்த முறை அவள் தன்னைக் காதலிக்கிறாள் என்று நம்புகிறான். அவள் காதலிப்பதோ தினகரன் என்ற பெயர் கொண்ட இன்னொருவனை.

இவ்வளவுதான் கதை. வெட்டாத கத்தி, விளையாட்டுக் கத்தி, அட்டைக் கத்தி. தலைப்பே கதாநாயகனைக் கேலி செய்கிறது.

இதில் அரசியல் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள், இதற்கு முன்னால் தமிழ் சினிமாவில் யாருக்கெல்லாம் பதின்பருவம் வாய்த்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1981இல் வந்த ‘பன்னீர் புஷ்பங்கள்’ ஊட்டி விடுதிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் கதை. அதே ஆண்டு வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தில் பையன் பூணூலை அறுத்தெறிகிறான், பெண் சிலுவையைக் கழற்றி வீசுகிறாள். சாதியையும் மதத்தையும் தாண்டும் வீரம்கூட அக்கிரகாரத்துப் பையனுக்குத்தான் கிடைத்தது. அடுத்த 20 ஆண்டுகளில் கல்லூரிக் கலாட்டாப் படங்கள் எத்தனையோ வந்தன. பைக், கேன்டீன், கல்லூரி விழா, சுற்றுலா என எல்லாம் இருந்தன. அந்தக் கதாநாயகர்களுக்கு வீட்டு முகவரி இருக்காது. முகவரி கேட்கப்படாதவன் யார் என்பது நமக்குத் தெரியும். ஊருக்குள் வீடு இருப்பவனிடம் யாரும் முகவரி கேட்பதில்லை.

நம் பிள்ளைகள் திரையில் காதலித்ததே இல்லையா? காதலித்தார்கள், அதற்குத் தண்டனையும் பெற்றார்கள். 2004இல் பாலாஜி சக்திவேல் இயக்கிய ‘காதல்’ படத்தை நினைத்துப் பாருங்கள். மெக்கானிக் முருகன் அடித்து நொறுக்கப்பட்டு, புத்தி பேதலித்துத் தெருவில் அலைகிறான். அது நேர்மையான படம், நடப்பதைத்தான் காட்டியது. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட வீட்டுப் பையன் காதலித்தால் அந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள்தான் இருந்தன. சாவான், அல்லது பைத்தியமாவான். பார்ப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். போகும் வழியில் அவர்கள் மனதில் பதிவது என்ன? இவன் காதலித்தால் ரத்தம் வரும் என்பதுதான். பரிதாபமும் எச்சரிக்கையும் ஒரே காட்சியில் கலந்து வந்தன.

அட்டகத்தி இந்த விதியை உடைத்தது. தினகரன் காதலிக்கிறான், தோற்கிறான், எழுந்து அடுத்த பேருந்தைப் பிடிக்கிறான். சாகவில்லை, பைத்தியமும் ஆகவில்லை. தோற்றதற்குக் காரணம் அவனுடைய அசட்டுத்தனம். நம் வீட்டுப் பையன் ஒருவன் தன் சாதியால் தோற்காமல் தன் முட்டாள்தனத்தால் தோற்பதற்கு உரிமை பெற்றான். மற்றவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. அவர்களுடைய பிள்ளைகள் பிறந்ததிலிருந்தே இந்த உரிமையோடு திரிகிறார்கள். நமக்கு இது திரையில் புதிது.

இந்தப் படத்தின் ஈர்ப்பு இன்றுவரை குறையாததற்கு முதல் காரணம் இதுதான். பேருந்துப் படிக்கட்டு, டுடோரியல், தெருமுனை அரட்டை, கானா எல்லாம் பிறகு வருபவை. கானா பாலா குரலில் வந்த ‘ஆடி போனா ஆவணி’, ‘நடுக்கடலுல கப்பல’ பாட்டுகள் தமிழ்நாடு முழுக்க ஒலித்தன. சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருக்கப் பாடப்பட்ட கானா, கல்யாண மண்டபங்களிலும் கல்லூரி விழாக்களிலும் ஏறி உட்கார்ந்தது. அந்தப் பாட்டுக்கு ஆடியவர்களில் எத்தனை பேர் அந்தப் பாட்டு பிறந்த தெருவுக்குள் போயிருப்பார்கள் என்று நாம் கேட்க வேண்டியதில்லை. பதில் எல்லோருக்கும் தெரியும்.

இனி 2012ஆம் ஆண்டின் நாட்காட்டியைத் திருப்புவோம்.

படம் வெளியாகிச் சரியாக 84 நாட்கள் கழித்து, நவம்பர் 7 அன்று, தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன. இளவரசனும் திவ்யாவும் திருமணம் செய்துகொண்டதைக் காரணமாகச் சொன்னார்கள். திவ்யாவின் தந்தை தற்கொலை செய்துகொண்ட அன்று மாலை அந்தக் கூட்டம் புறப்பட்டது. இரண்டு பேர் செய்துகொண்ட திருமணத்துக்கு மூன்று ஊர்கள் விலை கொடுத்தன. பீரோவும் கட்டிலும் சான்றிதழ்களும் எரிந்தன. பெங்களூருக்குப் போய்க் கூலி வேலை செய்து சேர்த்ததெல்லாம் சாம்பலானது.

அடுத்த சில வாரங்களில் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், தலித் அல்லாத சாதிகளைத் திரட்டி ஊர் ஊராகக் கூட்டம் போட்டார். தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்பது அங்கே வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. ‘நாடகக் காதல்’ என்ற சொல் தமிழ்நாடெங்கும் பரவியது. நம் பிள்ளைகள் திட்டம் போட்டுக் காதலிக்கிறார்கள், பயிற்சி எடுத்துக் காதலிக்கிறார்கள், பணம் பறிக்கக் காதலிக்கிறார்கள் என்று மேடை போட்டுப் பேசினார்கள். செய்தித்தாள்கள் அச்சடித்தன. தொலைக்காட்சிகள் விவாதம் நடத்தின. 2013 ஜூலை 4 அன்று இளவரசனின் உடல் தண்டவாளத்தின் ஓரம் கிடந்தது.

இப்போது தினகரனை மறுபடி பாருங்கள். தலைவாரிச் சட்டையைச் சரிசெய்துகொண்டு, பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கிறான். பெண்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று கோலத்தை மாற்றிக்கொள்கிறான். மேடைகளில் குற்றவாளியாக நிறுத்தப்பட்ட அதே ஜீன்ஸ் பையன்தான் இவன். திட்டம் போட்டு மயக்குகிறான் என்று அவர்கள் சொன்னவனால் நிஜத்தில் ஒரு பெண்ணிடம் ஒழுங்காக ஒரு வாக்கியம் பேச முடியவில்லை. அவன் போட்ட திட்டம் எல்லாம் ஊத்திக்கொள்கிறது. அவன் கையில் இருப்பது அட்டைக் கத்தி. அவதூறு மாநிலம் முழுக்கப் பரவுவதற்கு 84 நாட்களுக்கு முன்பே அதற்கான பதில் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிலைப் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனையோ பேர் டிசம்பரில் அவதூறையும் நம்பினார்கள்.

இதைத்தான் நாம் கேட்கிறோம். தினகரனைத் திரையில் ரசித்த நீங்கள் அவனைத் தெருவில் பார்த்தபோது ஏன் பயந்தீர்கள்? திரையில் அவன் யாரென்று உங்களுக்குத் தெரியவில்லை. சாதியின் பெயரைச் சொல்லாமல் படம் நகர்ந்ததால் அவனை உங்கள் வீட்டுப் பையன் என்று நினைத்துக்கொண்டீர்கள். மெட்ராஸ் வந்தபோது, கபாலி வந்தபோது, அவன் யாரென்று தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து பழைய தினகரனைக் கேட்கிறீர்கள். நீங்கள் கேட்பது நகைச்சுவையை அல்ல, அடையாளம் தெரியாத தலித்தை.

எந்த ஆதிக்க சாதி இயக்குநரிடமாவது இப்படி யாரும் கேட்டதுண்டா? தேவர் பெருமை பேசிய படங்களையும் கவுண்டர் பெருமை பேசிய படங்களையும் தலைப்பிலேயே சாதியை வைத்துக்கொண்டு எடுத்தார்கள். நாட்டாமைத் தீர்ப்புக்கும் பண்ணையார் மீசைக்கும் தியேட்டரில் விசில் பறந்தது. எதற்கு எப்போதும் சாதி என்று அன்று ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. அதையெல்லாம் கிராமியம் என்றார்கள், மண்வாசனை என்றார்கள். நாம் பேசினால் அது சாதிப்படம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அட்டகத்திக்கும் மெட்ராஸுக்கும் நடுவில் ரஞ்சித் மாறிவிட்டார் என்று ஒரு கதை கட்டுகிறார்கள். முதலில் கலைஞனாக இருந்தாராம், பிறகு பிரச்சாரகர் ஆகிவிட்டாராம். இரண்டு படங்களையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டிலும் வாசலில் உட்கார்ந்து பேசும் அதே மனிதர்கள், அதே கேலி, அதே பாட்டு. 2014இல் வந்த மெட்ராஸ் அந்த மனிதர்களுக்கு எதிரே ஒரு சுவரை நிறுத்தி, இது யாருக்குச் சொந்தம் என்று கேட்டது. அதே கானா 2018 ஜனவரியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையில் ஏறி இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பற்றிப் பாடியது. இதெல்லாம் ஒரே கோட்டில் வருபவை. சிரிக்கத் தெரிந்த சமூகம்தான் கேள்வியும் கேட்டது. பாட்டு வேண்டும், கேள்வி வேண்டாம் என்பவர்கள் கானாவை மட்டும் எடுத்துக்கொண்டு சேரியை வெளியே நிறுத்துகிறார்கள்.

இதுவரை வெளியில் இருப்பவர்களிடம் பேசினோம். இனி நமக்குள் பேச வேண்டியது கொஞ்சம் இருக்கிறது தோழர்களே.

நம்மிலும் சிலர் இந்தப் படத்தை ஒதுக்குகிறார்கள். அவர்களுக்கு அட்டகத்தி விளையாட்டுப் படம், ‘பரியேறும் பெருமாள்’தான் அரசியல் படம். வலியைச் சொன்னால்தான் தலித் கலை, சிரித்தால் சமரசம் என்ற எண்ணம் நம் படிப்பு வட்டங்களிலும் இருக்கிறது. இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? நம்மைப் பரிதாபத்துக்குரியவர்களாக மட்டுமே பார்க்க விரும்புகிறவர்கள் நம் கையில் கொடுத்தது இது. அவர்களுக்கு நம் கண்ணீர் வசதியானது. கண்ணீரைப் பார்த்து இரக்கப்பட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். நம் சிரிப்பைப் பார்த்தால் அப்படி நகர முடியாது. நீங்கள் இத்தனை செய்தும் இவர்கள் நன்றாகத்தான் வாழ்கிறார்கள் என்று அந்தச் சிரிப்பு சொல்லிவிடுகிறது.

தலித் இலக்கியம் இதை முன்பே அறிந்திருந்தது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அதில் வலி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு விளையாட்டும் கேலியும் இருக்கின்றன. அவருடைய சிறுகதைத் தொகுப்பின் பெயரே ‘கிசும்புக்காரன்’. பண்ணையாரை வாயாலேயே கவிழ்த்துவிடும் ஆட்கள் அந்தக் கதைகளில் வருகிறார்கள். கூலிக்குப் போன இடத்தில் குனிந்து வேலை செய்துகொண்டே ஆண்டையைக் கிண்டல் செய்த நம் பாட்டிகளின் பேச்சுதான் அது. அந்தப் பேச்சு இல்லாமல் அவர்களால் அந்த வயல்களில் உயிர்வாழ்ந்திருக்க முடியாது. அட்டகத்தி அந்த வாய்மொழியின் பேரன். அதை அரசியல் இல்லை என்று தள்ளுவது நம் வீட்டுத் திண்ணையையே தள்ளுவது.

அதற்காக இந்தப் படத்தைக் கேள்வி கேட்காமல் கும்பிடவும் முடியாது. நம் பெண் தோழர்கள் விடாமல் எழுப்பும் கேள்வி நியாயமானது. பேருந்தில் ஒரு பெண்ணைப் பின்தொடர்வது, அவள் விருப்பத்தைக் கேட்காமல் காதல் என்று நினைத்துக்கொள்வது, அவள் மறுத்தால் அடுத்தவளைப் பார்ப்பது. இதெல்லாம் பெண் பக்கத்திலிருந்து பார்த்தால் நகைச்சுவையா? தினமும் அதே பேருந்தில் கல்லூரிக்குப் போகும் நம் தங்கைகளுக்கு அது தலைவலி, சில நேரம் பயம். பூர்ணிமாவுக்குள் என்ன ஓடுகிறது என்பது படம் முடியும்வரை நமக்குத் தெரிவதில்லை. அவளுக்கென்று ஒரு காதல் இருந்ததே கடைசியில்தான் தெரிகிறது.

படத்துக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லலாம். மற்ற தமிழ்ப் படங்கள் பின்தொடர்பவனுக்குப் பெண்ணைப் பரிசாகக் கொடுக்கும். இந்தப் படம் கொடுக்கவில்லை. துரத்தினால் கிடைக்கும் என்ற பாடத்தை இது நடத்தவில்லை, துரத்தியவனைப் பார்த்துத்தான் சிரிக்கிறது. அவள் எடுத்த முடிவு அவளுடையதாகவே நிற்கிறது. ஆனால் இது போதாது. ஒரு தலித் பெண் பிளஸ் டூவில் கோட்டைவிட்டு, தப்பான ஆளைக் காதலித்து, அசடு வழிந்து, தோழிகளோடு சிரித்து, தன்னைத்தானே கண்டுபிடிக்கும் ஒரு நகைச்சுவைப் படத்தை அட்டகத்தி அளவுக்கு நம் மக்கள் கொண்டாடியிருக்கிறார்களா? 2022இல் வந்த ‘நட்சத்திரம் நகர்கிறது’ படத்தின் ரெனே தன் காதலைப் பற்றித் தானே பேசினாள், தன் சாதி அடையாளத்தை மறைக்காமல் பேசினாள். அந்தப் படத்தைத்தான் பலர் ‘ரொம்பப் பேசுது’ என்றார்கள். பேசாத பூர்ணிமாவைப் பிடிக்கிறது, பேசுகிற ரெனேவைப் பிடிக்கவில்லை. சாதியும் ஆணாதிக்கமும் கைகோத்து நிற்கும் இடம் இது. மறுபடியும் ஒரு அட்டகத்தி வேண்டும் என்றால் அது ஒரு பூர்ணிமாவின் அட்டகத்தியாக இருக்கட்டும் என்று நாமே கேட்போம்.

ரூட்டு தல விஷயத்துக்கும் வருவோம். பேருந்து வழித்தடத்தின் பெயரில் மாணவர்கள் கூட்டம் சேர்வதையும் அதில் ஒருவன் தலைவனாவதையும் படம் காட்டியது. அதையும் கேலியோடுதான் காட்டியது. தினகரன் போடும் தல வேடம் அவனுக்கே பொருந்தாத வேடம். ஊடகங்கள் இந்த மாணவர்களைப் பற்றி எழுதும்போது ‘பட்டாக்கத்தி’ என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கின்றன. சென்னை அரசுக் கல்லூரிகளுக்கு வெகுதூரத்திலிருந்து பேருந்தில் வருபவர்கள் யார்? குடும்பத்தில் முதல்முறையாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள், பைக் வாங்க வசதியில்லாதவர்கள், நகருக்குள் அறை எடுக்க முடியாதவர்கள். நகரத்துக்குள் அவர்கள் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ளக் கிடைத்த ஒரே இடம் அந்தப் பேருந்து. அதில் பாடுகிறார்கள், தட்டுகிறார்கள், சில நேரம் அடித்துக்கொள்கிறார்கள்.

அடித்துக்கொள்வதை நாம் நியாயப்படுத்த மாட்டோம். எந்தக் கல்லூரிப் பெயருக்காகவும், எந்த ரூட்டுக்காகவும் நம் பிள்ளையின் தலையை நம் பிள்ளையே உடைப்பதில் வீரம் இல்லை. ஒரே மாதிரியான குடிசையிலிருந்து, ஒரே மாதிரியான வறுமையிலிருந்து வந்த இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள். அதில் லாபம் யாருக்கு? கல்லூரி ஓரத்தில் ஒரு வழக்குப் பதிவானால் போதும். காவல்துறைத் தேர்வோ அரசு வேலையோ கிடைக்கும் நேரத்தில் அந்த வழக்கு குறுக்கே வந்து நிற்கும். பணக்கார வீட்டுப் பையன் செய்தால் அது இளமைக் குறும்பு, பேச்சுவார்த்தையில் முடிந்துவிடும். நம் பையன் செய்தால் குற்றப்பத்திரிகை. தினகரனின் கத்தி அட்டைக் கத்தியாக இருந்தவரைதான் அவனால் வாழ்க்கையில் அடுத்த கட்டத்துக்குப் போக முடிந்தது. இதை ரூட்டில் நிற்கும் தம்பிகளிடம் அறிவுரையாகச் சொன்னால் காது கொடுக்க மாட்டார்கள். படத்தைப் போட்டுக் காட்டிவிட்டுப் பேசினால் கேட்பார்கள்.

அந்தப் பேச்சில் இன்னும் இரண்டு பெயர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2015 ஜூன் 23 அன்று கோகுல்ராஜ் திருச்செங்கோடு கோயிலில் கூடப் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். உடல் தண்டவாளத்தில் கிடந்தது. குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2022 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே, மக்கள் பார்க்க வெட்டிக் கொல்லப்பட்டார். இருவரும் பொறியியல் படித்தவர்கள். பேருந்து நிலையம், வகுப்புத் தோழி, புதுச்சட்டை, ஒரு சிரிப்பு என்று அட்டகத்தியில் வரும் எல்லாமே இவர்களுடைய வாழ்க்கையிலும் இருந்தன. எதிரே வந்தவர்களின் கத்தி மட்டும் அட்டையில் செய்யப்படவில்லை.

படத்தில் பெயர்க் குழப்பம் ஒரு சிரிப்பில் முடிகிறது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் நடுக்கத்தை நம் மக்கள் மட்டும் உணர்வார்கள். எந்த தினகரன் என்று விசாரித்துவிட்டு அடிக்கும் வழக்கம் இந்த ஊரில் இல்லை. தருமபுரியில் காதலித்தது ஒருவர், எரிந்தது மூன்று குடியிருப்புகள்.

ஆகவே அட்டகத்தியின் ஈர்ப்பு வெறும் பழைய நினைவின் ஈர்ப்பு அல்ல. அந்தப் படம் நமக்கு ஒரு சாதாரண வாழ்க்கையைக் காட்டியது. காதலிக்கலாம், மறுக்கப்படலாம், அசிங்கப்படலாம், வீட்டுக்குத் திரும்பிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம் என்று காட்டியது. இந்தச் சாதாரணம் நமக்கு இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்காததால்தான் படம் பழசாகவில்லை. கிடைத்துவிட்ட அன்று இதுவும் மற்றப் படங்களைப் போல ஒரு பழைய காமெடிப் படமாகிவிடும். அந்த நாள் வரட்டும் என்றுதான் நாமும் ஆசைப்படுகிறோம்.

அது தானாக வராது. அட்டகத்தி வந்த அதே 2012 ஆகஸ்டில்தான் இந்திய சட்ட ஆணையம் தன் 242ஆவது அறிக்கையைக் கொடுத்தது. விருப்பப்பட்டுத் திருமணம் செய்துகொள்பவர்களைக் கூட்டம் கூடித் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் வேண்டும் என்றது அந்த அறிக்கை. 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்க வேண்டும், தம்பதிகளுக்குப் பாதுகாப்பு இல்லம் குறித்து யோசிக்க வேண்டும், மிரட்டல் வந்தால் காவல்துறை உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. காகிதத்தில் இருப்பது உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா? இருந்தால் அதன் தொலைபேசி எண் உங்கள் கல்லூரித் தகவல் பலகையில் இருக்கிறதா? ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கேட்கும் போராட்டத்துக்குப் போகும் முன் இந்தக் கேள்வியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவாக எழுதிப் போடுங்கள். 10 ரூபாய்தான் செலவு.

கூடவே இன்னொன்றும் செய்யலாம். ஆதிதிராவிடர் நல விடுதிகளில், அம்பேத்கர் படிப்பு வட்டங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டகத்தியைத் திரையிடுங்கள். நம் பையன்கள் மட்டும் உட்கார வேண்டாம். பெண் தோழர்களை அழையுங்கள், அவர்கள் முதலில் பேசட்டும். கூடப் படிக்கும் மற்ற சாதி நண்பர்களையும் அழையுங்கள். வயிறு குலுங்கச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தத் தினகரன் நாளைக்கு உங்கள் தெருவுக்குள் வந்து, உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் தங்கையின் பெயரைச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

அதற்கு நேர்மையாகப் பதில் சொல்கிறவர்கள் எங்களிடம் தாராளமாக இன்னொரு அட்டகத்தி கேட்கட்டும்.

ஜெய்பீம்.